சின்ன மாற்றம்

காரின் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கிற விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வருகிறது: வாகனத்தில் தயாரிப்பாளர் கொடுத்தபடியல்லாமல் ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டுள்ளதா? பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மூன்று வருஷமாக 'இல்லை' என்கிற கட்டத்தில் என் பெயரால் ஒரு டிக் விழுந்துகொண்டிருந்தது. பேனா ஏஜெண்டுடையது. கையெழுத்து என்னுடையது.

இதைப் பற்றி எழுத உத்தேசம் என்று சொன்னபோது நண்பர் (கவிஞர், பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்) வாய்விட்டுச் சிரித்தார். மரணம், மொழி, இருப்பு இவற்றுக்கே பக்கம் போதாத பத்திரிகையில் கார் இன்ஷூரன்ஸா என்றார். ஒழுக்கம் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் நாம் பெரிய பொய்களை எடுத்துக்கொள்கிறோம் என்பது என் சந்தேகம். கான்ட் 1797ல் எழுதிய அந்தப் பிரசித்தமான கட்டுரையில் கொலைகாரன் வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே ஒளிந்திருக்கிற நண்பனைக் காட்டிக்கொடுக்கலாமா கூடாதா என்று இருநூறு வருஷத்துக்கு மேலாக விவாதம் நடக்கிறது. என் வாசலுக்குக் கொலைகாரன் வந்ததில்லை. ஏஜெண்ட் வந்தான். அவனுக்கு அவசரம், இன்னும் நாலு வீடு போகவேண்டும்.

என்னுடையது பழைய ஆல்ட்டோ. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறுகிற மலைப்பாதையில் மாதம் ஒரு தடவையாவது போய்வருவேன். காவலூரில் வானத்தைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் (1986லிருந்து அந்த ஆய்வகத்துக்கு வைனு பாப்புவின் பெயர்). நான் போவது கீழே அடிக்கிற வெயிலிலிருந்து தப்பிக்க. மார்கழி தையில் பனி இறங்கிவிட்டால் பாதை தெரியாது என்பதால் முன்னால் இரண்டு மஞ்சள் விளக்கு. மேலே சாமான் கட்ட ஒரு கேரியர். வாணியம்பாடியில் ஒருவர் மிஞ்சிப்போன தோலில் தைத்துக்கொடுத்த சீட் உறை. இந்த மூன்றும் மனசில் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டிருந்தன. நான்காவதாக ஒன்று இருந்தது. அது உறுத்தவேயில்லை. அதை நான் மாற்றம் என்றே கணக்கில் வைக்கவில்லை.

அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, வேலூரில் ஆபரேஷன் முடிந்து திரும்பியபின் அவளால் வலது காலை முழுக்க மடக்க முடியவில்லை. ஆல்ட்டோவின் முன் சீட்டில் காலை நீட்டி உட்கார இடம் கிடையாது. ரோட்டோரம் பட்டறை வைத்திருக்கிற பாயிடம் கொண்டுபோனேன். அவர் சீட்டைக் கழற்றி, தரையில் நான்கு புதுத் துளை போட்டு, ரயிலை நான்கு அங்குலம் பின்னால் நகர்த்தினார். உயரமும் வேண்டியிருந்ததால் அடியில் இரும்புக் கட்டைகள் வைத்து வெல்டிங். "கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வெச்சது சார் இது. அம்மாக்காகச் செய்யறேன்" என்றார். பெல்ட்டின் கொக்கி தரையிலேயே பழைய இடத்தில் நின்றுவிட்டதால் இப்போது அது உட்காருகிறவரின் இடுப்புக்கு முன்னால் இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்குடா வயித்துல குத்துது" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் மூன்று வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்து வேலூருக்கும் திருப்பத்தூருக்கும் டாக்டர் வீட்டுக்கும் போய்வந்தாள்.

அந்த வருஷம் ஏஜெண்ட் வந்தபோது கேட்டுப்பார்த்தேன், விளக்குகளைப் பற்றித்தான். "இதுக்கெல்லாம் 'இல்லை'ன்னே போட்டுடலாம் சார். 'ஆமா'ன்னா இன்ஸ்பெக்ஷன் அது இதுன்னு இழுப்பாங்க. சின்ன மாத்தம்தானே" என்றான். என்னிடம் ஒன்பதாவது படித்தவன். கேள்வியை முழுக்கப் படித்துவிட்டுப் பதில் எழுது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

விண்ணப்பத்தை முழுக்கப் படித்தால் விசித்திரமாக இருக்கிறது. வண்டியில் ஃபைபர் கண்ணாடி எரிபொருள் தொட்டி உண்டா என்று கேட்கிறார்கள். ஆலங்காயத்தில் அப்படி ஒரு வண்டியை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். பழகுநருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியா என்று ஒரு கேள்வி. மின்சாரச் சாமான் கூடுதலாகப் பொருத்தியிருந்தால் அதன் மதிப்பு என்ன என்று ஒரு கட்டம். 2002 ஜூலையில் நடப்புக்கு வந்த மோட்டார் கட்டண விதிப்படி அந்த மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். என் இரண்டு விளக்கும் சேர்ந்து 2,500 ரூபாய். அதாவது நூறு ரூபாய்ச் சமாசாரம். சொல்லாவிட்டால் விளக்கு உடைந்தால் விளக்குக்குக் காசு கிடையாது, அத்துடன் தீர்ந்தது. மூன்று வருஷம் உறுத்தியது இதுதான் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதே விதிகளில், பார்வையற்றோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் ஏற்றபடி மாற்றி, அதைப் பதிவுப் புத்தகத்திலும் ஏற்றிக்கொண்ட வண்டிக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி என்றும் இருக்கிறது. அம்மா அந்தக் கணக்கில் வருவாளா என்று நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை லாபம். மறைத்தது லாபத்துக்காக என்றுகூட என்னால் சொல்லிக்கொள்ள முடியாது. சோம்பல்.

நண்பர் என் பக்கம் வாதாடினார், நான் கேட்காமலே. அவர் முதலில் எடுத்தது 292ஆம் குறள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் ஸ்தானத்தில் இருக்கலாம் என்கிற அனுமதி. ஒரு கிழவிக்கு உட்கார வசதி. இதில் யாருக்கு என்ன கெடுதி? இரண்டாவது, கம்பெனி என்பது ஆள் இல்லை. அதற்கு முகம் இல்லை. முகம் இல்லாததிடம் பொய் சொல்ல முடியாது, படிவத்தைத் தப்பாக நிரப்பத்தான் முடியும். மூன்றாவது, அவர்களே பொய்யர்கள். பணம் வாங்கும்போது புன்னகை, கொடுக்கும்போது பூதக்கண்ணாடி.

மூன்றாவதில் உண்மை இருக்கிறது, அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த மறைப்பு விவகாரத்தின் மூல வழக்கே ஒரு கோட்டையைப் பற்றியது. சுமத்ராவில் பென்கூலன் என்கிற இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை இருந்தது. அதன் கவர்னர் ஜார்ஜ் கார்ட்டர், அந்நியர் கோட்டையைப் பிடித்துக்கொண்டால் நஷ்டஈடு என்று லண்டனில் ஒரு வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவைத்தார். 1760ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்தும் கொண்டார்கள். கோட்டை பலவீனமானது, பிரெஞ்சுக்காரர்கள் வரக்கூடும் என்று இவருக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்று பணம் தர மறுத்தார் போம் என்ற இன்ஷூரர். வழக்கு மான்ஸ்ஃபீல்ட் பிரபுவிடம் போயிற்று; 1766ல் தீர்ப்பு. காப்பீட்டில் ஒளிவுமறைவு கூடாது என்ற கோட்பாட்டுக்கு உலகமெங்கும் கோர்ட்டுகளில் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் வழக்கில் ஜெயித்தது, சொல்லாமல் இருந்த கவர்னர்தான். யுத்தம் நடக்கிறது என்பதும் அது எப்படிப்பட்ட இடம் என்பதும் லண்டனில் இருக்கிறவருக்கும் தெரிந்த விஷயம், கேட்டிருக்கலாம், கேட்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, நஷ்டம் வந்தபிறகு கேள்வி கேட்பது தகாது என்பது மான்ஸ்ஃபீல்டின் நியாயம். நாணயம் இரண்டு பக்கத்துக்கும் உரியது என்றார். இரண்டரை நூற்றாண்டில் அந்த இரண்டாவது பக்கம் தேய்ந்துவிட்டது. இங்கிலாந்திலேயே 2012ல் சட்டத்தை மாற்றி, சாதாரண ஜனங்கள் தாமாக முன்வந்து எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டியதில்லை, கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொன்னால் போதும் என்று ஆக்கவேண்டி வந்தது.

ஆகவே கம்பெனியும் கண்ணை மூடிக்கொள்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். 'இல்லை'ன்னு போடுங்க என்று சொன்ன ஏஜெண்டும் கம்பெனிக்காகத்தான் என் வீட்டுக்கு வந்தான். ஆனால் பென்கூலன் கவர்னரை யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்கள். கேட்டதற்கு நான் 'இல்லை' என்றேன். அவருடைய மௌனத்தை நான் கடன் வாங்க முடியாது.

முகம் இல்லை என்கிற வாதம் கவிஞர்களுக்குப் பிடித்தது. எங்கள் தெருவில் ஏலச்சீட்டு நடக்கிறது; இருபது பேர், இருபது முகம்; ஒருத்தி தவணை தப்பினால் அந்த வீட்டு வாசலில் மற்றவர்கள் போய் நிற்பார்கள். இன்ஷூரன்ஸும் சீட்டுதான், ஆட்கள் லட்சக்கணக்கில் ஆகிவிட்டதால் வாசலில் வந்து நிற்பவர் யாருமில்லை. இதைத் தாண்டி இந்த வாதத்தில் எனக்குச் சிரத்தை இல்லை. நூறு ரூபாய் பொது உண்டியலில் விழாததால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை.

குறள்தான் என்னை நிறுத்தியது. அதற்குப் போகும்முன் எங்கள் பக்கத்துத் தொழில் ஒன்றைச் சொல்லவேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றோரம் போகிற தோல் உலகத்தில் மாற்றம் என்பது அன்றாட வேலை. மாடு உயிரோடிருந்தபோது உண்ணி கடித்த தழும்பு, முள் கீறியது, சூடு போட்ட குறி எல்லாம் பதனிட்டபின் தோலின் முகத்தில் துல்லியமாகத் தெரியும். தழும்பு அதிகமான தோலின் முகத்தை எமரித்தாளால் தேய்த்து எடுத்துவிடுவார்கள். பிறகு பூச்சு கொடுத்து, சூடான தகட்டை வைத்து அழுத்தினால் புது முகம் பதியும்; மாட்டுக்கு இல்லாத அழகான ரேகை. இது மோசடி இல்லை. ஏனென்றால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. கரெக்டட் கிரெயின் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். விலையும் அதற்குத் தகுந்தது. திருத்தாத முகம் என்று சொல்லி விற்கும்போதுதான் அது மோசடி. என் சீட் உறையைத் தைத்தவர் தோலை மடித்து என்னிடம் காட்டி, "முகம் தேய்ச்சது, அதான் இந்த ரேட்டு" என்றார். எனக்குத் தோலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் சொல்லாவிட்டால் நான் கேட்டிருக்கவும் மாட்டேன். சின்ன மாற்றமா பெரிய மாற்றமா என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. இன்னது செய்திருக்கிறது என்று சொல்லி, தோலை என் கையில் கொடுத்துவிட்டார்.

அம்மா போன ஆடியில் போய்விட்டாள். ஒரு மாதம் கழித்து சீட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம் என்று பாயிடம் போனேன். பதினைந்து நிமிஷத்தில் சீட்டைக் கழற்றியவர் டீ குடித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். இடது பின்பக்கக் கட்டையில் வெல்டிங் பாதி சுற்றுக்கு விட்டிருந்தது. விரிசலுக்குள் பழுப்பாகத் துரு. "துரு ஏறியிருக்கு பாருங்க. இது நேத்து விட்டதில்ல சார். ஒரு வருஷமாவது இருக்கும்" என்றார். அவர் போட்ட வெல்டிங்தான். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஒரு வருஷத்தில் யார் யார் அதில் உட்கார்ந்தார்கள் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அம்மா. என் மகள், காட்பாடியில் ரயிலேற. நண்பர், காவலூருக்கு இரண்டு தடவை. இறக்கத்தில் நான் பிரேக் போட்டபோது பெல்ட் மாட்டாமல் குறுந்தொகையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

நான் பயந்த மாற்றங்கள் மூன்றும் ஒன்றுமில்லாதவை. நான் எண்ணிக்கூடப் பார்க்காததுதான் ஆளைக் கொல்லக்கூடியது. அன்பால் செய்த காரியம் என்பதாலேயே என் கண்ணுக்கு அது சின்னதாகத் தெரிந்திருக்கிறது. விண்ணப்பத்தில் எழுதியது பொய் என்றால், அந்தப் பொய் 'இல்லை' என்கிற சொல்லில் பிறந்ததல்ல என்று எனக்குப் படுகிறது. அதற்கு ரொம்ப முன்னாலேயே, 'சின்ன' என்கிற சொல்லில் பிறந்துவிட்டது. அளவு தெரியாத ஒருவன், அளவு சின்னதாக இருந்தால் தனக்கு சௌகரியம் என்கிற நிலையில் இருந்துகொண்டு, அளந்து சொன்ன சொல் அது. குறளின் அனுமதிச் சீட்டில் 'குற்றமற்ற' என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. குற்றமற்றது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு என்ன தெரியும்? சீட்டுக்கு அடியில் நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. கான்ட்டின் கொலைகாரன் கட்டுரையில் எல்லோரும் கேலி செய்கிற ஒரு கருத்து உண்டு: பொய் சொன்னவன், தான் எதிர்பார்த்தேயிராத விளைவுகளுக்கும் பொறுப்பாளி. இளவயதில் எனக்கும் அது ஒரு ஜெர்மன் பிடிவாதமாகத்தான் தெரிந்தது. துருவைப் பார்த்தபின் அப்படித் தெரியவில்லை.

இந்தியச் சட்டமும் அளக்கிற வேலையை என்னிடம் விடவில்லை. மருத்துவக் காப்பீடு ஒன்றைப் பற்றிய 2009ஆம் வருஷத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், எது முக்கியமான உண்மை என்பதை விவேகமுள்ள ஓர் இன்ஷூரரின் முடிவைப் பாதிக்குமா என்று பார்த்துத்தான் நிர்ணயிக்கவேண்டும் என்றது. எனக்கு முக்கியமாகப் பட்டதா என்பது அதில் வரவேயில்லை. எங்கள் ஆற்றை முன்னிட்டே இதைவிடக் கறாராக ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம், டேனரிக் கழிவால் பாலாறு கெட்டதென்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு. ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதிலிருக்கிற வேறொன்று: செய்கிறவன்தான் தன் காரியத்தால் தீங்கில்லை என்று நிரூபிக்கவேண்டும், பாதிக்கப்படுகிறவன் தீங்கை நிரூபிக்கும்வரை காத்திருக்கக்கூடாது. டேனரிக்காரர்களும் ஆரம்பத்தில் இவ்வளவு பெரிய ஆற்றில் இந்தக் கொஞ்சம் தண்ணீரா என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடி நாலு இடத்தில் பேசியவன்.

ஆனால் ஒப்புக்கொள்வதும் சுலபமாக இல்லை. 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவுப் புத்தக விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதிவுப் புத்தகத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று இருக்கிறதேயொழிய எங்கே உட்காரலாம் என்று இல்லை. என் நான்கு அங்குலம் எதில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை. கம்பெனியிடம் உண்மை சொல்வது இன்னோர் ஆபீசில் வாக்குமூலம் கொடுப்பதாக ஆகலாம். உண்மையைக் கேட்கிற கேள்வியும் அதற்குத் தண்டனை தருகிற சட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஜனங்கள் டிக் போடக் கற்றுக்கொள்வார்கள். இதையும் ஏஜெண்ட் என்னைவிட நன்றாக அறிவான்.

கோர்ட்டுகள் சிலசமயம் இரக்கம் காட்டுகின்றன. சொந்த உபயோகத்துக்கென்று காப்பிட்டு வாடகைக்கு ஓடிய ஒரு வண்டி பறிபோனபோது, வாடகைக்கும் பறிபோனதற்கும் சம்பந்தமில்லை என்று 75 சதவீதம் கொடுக்கச் சொன்னதை 2008ல் உச்ச நீதிமன்றம் சரியென்றது. என் விளக்குகளுக்கு இந்த இரக்கம் கிடைத்திருக்கும். வெல்டிங்குக்கு? தெறித்து விழுந்தவர் நண்பராயிருந்தால்? விடியற்காலையில் ஷூ கம்பெனி வேனுக்காக ரோட்டோரம் சாப்பாட்டுக் கூடையோடு நிற்கிற பெண்கள் மேல் வண்டி ஏறியிருந்தால், அவர்களுக்குத் தரவேண்டியதைக்கூட 'முக்கிய உண்மையை மறைத்துப் பெற்ற பாலிசி' என்று வாதாடித் தட்டிக்கழிக்கச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழியை என் டிக் திறந்துவைத்திருந்தது. பொய் போய்ச்சேருகிற இடம் கம்பெனி என்றுதான் நானும் நண்பரும் பேசிக்கொண்டிருந்தோம்.

இடையில் ஒன்று ஞாபகம் வருகிறது. முன்பு நானும் நாலு இதழ் ஒரு பத்திரிகை நடத்தினேன். ஒருவருடைய கவிதையில் ஒரு வரியை இரண்டாக உடைத்து அச்சேற்றிவிட்டேன். பக்கத்தில் இடம் போதவில்லை. சின்ன மாற்றம்தானே என்று கார்டு போட்டேன். ஆறு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. அது நியாயம் என்று அப்போதே எனக்குப் புரிந்திருந்தது. கவிதையில் புரிந்தது காரில் புரியவில்லை.

இந்த வருஷம் ஏஜெண்ட் வந்தான். சீட் பழைய இடத்தில் இருக்கிறது. தரையில் நான்கு துளைகளைப் பாய் தகடு வைத்து அடைத்து பெயிண்ட் அடித்துக்கொடுத்திருக்கிறார். மேட்டைத் தூக்கினால் தெரியும். துளையும் மாற்றம்தானா என்று நண்பர் போனில் கேட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. விளக்கு, கேரியர், உறை, மூன்று வருஷ சீட், வெல்டிங், துளை எல்லாவற்றையும் ஒரு முழுத்தாளில் எழுதி விண்ணப்பத்தோடு கொடுத்தேன். "பழசையெல்லாம் எதுக்கு சார் எழுதறீங்க? இப்பத்தான் சரியா இருக்கே" என்றான். வற்புறுத்தியபின் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் போனுக்கு பாலிசி வந்தது. பிரீமியத்தில் விளக்குக்கான நூறு ரூபாய் இல்லை. கூடவே வந்த விண்ணப்ப நகலில், மாற்றம் உண்டா என்ற கேள்விக்கு நேரே 'இல்லை'. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "'ஆமா'ன்னு போட்டா கம்ப்யூட்டர்ல அடுத்த பக்கம் போகமாட்டேங்குது சார். உங்க பேப்பரை பைல்ல பத்திரமா வெச்சிருக்கேன்" என்றான்.

தாளை மறுபடி எழுதி, கிளை அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு நாளாகிறது.